சுவரில் சிவப்பும் கறுப்பும் மட்டும், புதிய மோஷன் சென்சர் லைட்டில் மூன்று வயர்: நாமே இணைக்கலாமா?

முன்வாசலில் பழுதான மோஷன் சென்சர் லைட்டைக் கழற்றியபோது சுவரிலிருந்து சிவப்பு, கறுப்பு என இரண்டு வயர்களே வந்தன என்றும், வாங்கிவந்த புதிய லைட்டில் கபிலம், நீலம், பச்சை-மஞ்சள் என மூன்று இருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் கடலை அண்டிய எங்கள் வீட்டில் இதே மாற்று வேலையை அண்மையில் செய்தேன் என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். இருந்த இடத்திலேயே ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது கவனமுள்ளவர் செய்யக்கூடிய வேலைதான். புதிதாக வயர் இழுப்பதும் எர்த் (கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் வயர்) கொண்டுவருவதும் அப்படியல்ல. அவற்றைத் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரிடமே கொடுக்க வேண்டும்.

பழைய நிறமுறையில் சிவப்பு லைவ் (மின்சாரம் வரும் வயர்), கறுப்பு நியூட்ரல் (அது திரும்பிப் போகும் வயர்), பச்சை எர்த். இப்போதைய முறையில் கபிலம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். ஆகவே சிவப்போடு கபிலமும் கறுப்போடு நீலமும் சேர வேண்டும் என்பதே விதி. ஆனால் இந்த விதியை மட்டும் நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வருவது. நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் வயரிங் ஒரே தடவையில் செய்யப்பட்டதல்ல. பின்னர் ஓர் அறை சேர்த்தபோதோ விறாந்தையை இழுத்துக் கட்டியபோதோ கைவசம் மிஞ்சிய வயரைப் போட்டு முடித்திருப்பார்கள். வெளியில் தெரிவது உறையின் நிறம் மட்டுமே. அந்த வயர் என்ன வேலை செய்கிறது என்பதைச் சோதித்துத்தான் அறிய முடியும்.

சோதிப்பதற்கு முன், மின்சாரத்தை நிறுத்துவது பற்றி. சுவர்ச் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏணியில் ஏறக் கூடாது. அந்தச் சுவிட்ச் தவறுதலாக நியூட்ரல் வயரில் போடப்பட்டிருந்தால் லைட் அணைந்திருக்கும், ஆனால் லைவ் வயரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். மெயின் சுவிட்ச் லைவையும் நியூட்ரலையும் சேர்த்தே துண்டிக்கும் என்பதால் அதையே அணைப்பது நல்லது. இன்னொரு விடயமும் உண்டு. 2022ஆம் ஆண்டில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் பலர் வீட்டுக்கு இன்வேட்டரும் பற்றரியும் வைத்தார்கள். மெயினை அணைத்தவுடன் மின்வெட்டு வந்துவிட்டதாக எண்ணி அது தானாக மின்சாரம் கொடுக்கத் தொடங்கும். ஆகவே இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று துணியவும் வேண்டாம். 30 மில்லிஅம்பியர் அளவில் மின் கசிந்தால் அது விழும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு கையில் லைவும் மறு கையில் நியூட்ரலும் பட்டு, எர்த்துக்கு எதுவும் கசியாவிட்டால் அது விழாது.

மின்சாரம் நின்றபின் இரண்டு வயர் முனைகளையும் ஒரு கனெக்டரில் தனித்தனியாகத் திருகி, அவை ஒன்றோடொன்று படாதபடி வைத்துவிட்டுக் கையை எடுங்கள். பிறகு மெயினைப் போட்டு, காய்ந்த கையோடு, டெஸ்டரால் கனெக்டரின் திருகாணித் தலைகளை மட்டும் தொட்டுப் பாருங்கள். சுவர்ச் சுவிட்ச் போட்டிருக்கையில் ஒன்றில் மட்டும் டெஸ்டர் எரிய வேண்டும், அதுவே லைவ். சுவிட்சை அணைத்ததும் இரண்டிலும் எரியக் கூடாது. அணைத்த பின்னும் எரிந்தால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கக் கூடும், அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மின்னிணைப்பாளரை அழையுங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் வைத்து வயரைத் தொடவும் கூடாது, ஏனென்றால் டெஸ்டரே பழுதாகியிருக்கலாம். வேலை செய்கிற ஒரு பிளக்கில் வைத்து அது எரிவதைப் பார்த்துவிட்டு, பின் வயரில் வைத்து, மறுபடியும் பிளக்கில் வைத்துப் பார்ப்பதே நம்பத்தக்க முறை. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. சோதித்து முடிந்ததும் மெயினையும் இன்வேட்டரையும் மறுபடி அணைத்த பிறகே வயரைத் தொடுங்கள்.

இனி அந்தப் பச்சை-மஞ்சள் வயர். லைட்டின் உடல் உலோகமானால் அதற்கு எர்த் கட்டாயம் வேண்டும். சுவரில் எர்த் இல்லையென்று அதை வெட்டிவிடுவதும் தவறு, நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிடுவது அதைவிடப் பெரிய தவறு. அப்படிச் சேர்த்த பின் எங்காவது நியூட்ரல் அறுந்தால் லைட்டின் உடலே ஷொக் அடிக்கும். உங்கள் வீட்டில் இரண்டு வயர்களே இருப்பதால், கடையில் கொடுத்துப் பிளாஸ்டிக் உடலுள்ள, சதுரத்துக்குள் சதுரம் பொறித்த வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. அந்தக் குறி இரட்டைக் காப்பைக் காட்டுவது, அவ்வகைக்கு எர்த் தேவையில்லை. கடற்கரைக்கு அது வேறு விதத்திலும் பொருத்தம், உலோக உடல் இங்கே சீக்கிரம் கறல் பிடித்துவிடும்.

எங்கள் பழைய லைட்டைத் திறந்தபோது மூலையில் பல்லி முட்டை ஓடுகளும், கனெக்டருக்குள் பச்சையாகக் களிம்பு பூத்த செம்புக் கம்பிகளும் இருந்தன. உப்புக் காற்று உறைக்குள்ளும் சிறிது தூரம் ஏறியிருந்தது. அத்தகைய கம்பியைச் சுரண்டிவிட்டுப் பொருத்தினால் இணைப்பு விரைவில் தளர்ந்து சூடாகும். பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிவிட வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவதோடு விடாமல் கனெக்டரில் இறுக்கி, ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். வயர் கீழிருந்து ஏறி உள்ளே போகும்படி சிறிது வளைத்துவிட்டால் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். லைட்டின் மேல்விளிம்பையும் இரு பக்கங்களையும் சிலிக்கனால் அடையுங்கள், உள்ளே சேரும் ஈரம் வெளியேறக் கீழ்விளிம்பைத் திறந்தே விடுங்கள். வாடைக் காற்றோடு மழை தொடங்கும் முன், அதாவது ஒக்டோபருக்குள், இதை முடித்துவிடுவது நல்லது.

சென்சரை 2 முதல் 2.5 மீற்றர் உயரத்தில், ஆள் அதற்கு நேராக வராமல் குறுக்கே கடக்கும்படி பொருத்த வேண்டும். சூழலுக்கும் உடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு நகர்வதைத்தான் அது உணர்கிறது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மாலையிலும் சுவரும் நிலமும் உடலளவுக்குச் சூடாக இருப்பதால் சென்சர் கிட்ட வந்த பிறகே ஆளைக் கண்டுபிடிக்கும். அது பழுதல்ல, உணர்திறன் திருகியைச் சற்றுக் கூட்டினால் போதும். நகருக்குள் பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு: இரவில் வீதியில் உலாவும் மான்களுக்கும் லைட் எரியும். அதற்கு உணர்திறனைக் குறைக்காமல், வீதியைப் பார்க்கும் பக்கத்து லென்ஸில் ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை ஒட்டிவிடுங்கள்.

மின்சாரம் கொடுத்தவுடன் லைட் சிறிது நேரம் தானாக எரிந்து அணையும். சென்சர் தயாராகும் நேரம் அது, அதற்குள் பழுது என்று கழற்ற வேண்டாம். நேரத் திருகியை மிகக் குறைவிலும் வெளிச்சத் திருகியைப் பகலுக்கும் வைத்துப் படலையிலிருந்து நடந்து பார்த்துவிட்டு, பின் இரவுக்கு மாற்றுங்கள். போட்ட உடனேயே ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், அநேகமாக ஒரு வயர் நசுங்கியிருக்கும் அல்லது வெறும் கம்பி எங்கோ பட்டுக்கொண்டிருக்கும். மழை பெய்யும்போது மட்டும் விழுந்தால் லைட்டுக்குள் தண்ணீர் போகிறது என்று பொருள். முதலில் மேல்விளிம்புச் சிலிக்கனைப் பாருங்கள்.