எந்நேரமும் போனும் கையுமாக என் மகள்

அன்புள்ள மேடம்,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எந்நேரமும் போன்தான். சாப்பிடும்போதும் போன், பாத்ரூமுக்கும் போன். ராத்திரி 11 மணிக்குத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துப் பார்க்கிறாள். காலாண்டில் கணக்கில் 41. போன வருடம் 80-க்குக் கீழே இறங்கியதே இல்லை. "எல்லாம் நீ குடுத்த செல்லம்" என்கிறார் இவர். மாமியாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். போன் வாங்கிக் கொடுத்ததே இவர்தான், பழி மட்டும் எனக்கு.

பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. திருப்பிக் கொடுத்தால், அதையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் மகன் கல்யாணத்திலும் அப்படித்தான். குடும்ப போட்டோவில்கூட வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள். ஆண்டு விழா போட்டோவில் அவள் எத்துப்பல் தெரிந்ததை கிளாஸ் பிள்ளைகள் வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கிவிட்டார்களாம், அதிலிருந்து இப்படி. என்னிடமும் காட்டினாள், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை விடுங்கள். இந்தப் போன் பழக்கத்தை எப்படி நிறுத்துவது? இவரோ எல்லாவற்றுக்கும் என்னையே சொல்கிறார்.

- பெயர் வேண்டாம், ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

"அதை விடுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

உங்கள் மகளுக்குப் போன் பைத்தியம் என்று எனக்குத் தோன்றவில்லை. போனில் மூழ்கிய பிள்ளை ரீல்ஸ் பார்க்கும், தனக்குள் சிரிக்கும். இவள் காவல் இருக்கிறாள். அடுத்து யார் அந்த ஸ்டிக்கரைப் போடுவார்கள், எத்தனை பேர் சிரிப்பார்கள் என்று. பீரோவில் பூட்டிய அன்று சாப்பிடாததும் இதனால்தான் இருக்கும்.

ஆன்லைன் துன்புறுத்தல் என்றால் முகம் தெரியாத யாரோ மிரட்டுவது என்றே நினைக்கிறோம். அதுவும் நடக்கிறது. ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகள் அதிகம் சொல்வது கூடப் படிப்பவர்களைப் பற்றி. கெட்ட வார்த்தை ஒன்று இருக்காது. ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டுப் புது குரூப் தொடங்குவார்கள். "கிளாஸ்லயே அசிங்கமா இருக்கறது யாரு?" என்று ஓட்டெடுப்பு வைப்பார்கள். நம்பி அனுப்பிய வாய்ஸ் மெசேஜை எல்லோருக்கும் ஃபார்வர்ட் செய்வார்கள். அவள் பெயரில் போலி இன்ஸ்டாகிராம் கணக்கு திறப்பதும் உண்டு. கேட்டால், "சும்மா ஃபன்னுக்கு". ஸ்டிக்கர் இன்னும் மோசம். செய்தவர் அழித்தாலும், சேமித்து வைத்தவர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம்.

கோபம் வந்தாலும் சொல்கிறேன். அவள் மறைக்கவில்லை, உங்களிடம்தான் கொண்டுவந்து காட்டினாள். நீங்கள் சிரித்தீர்கள். அவளைப் பொறுத்தவரை அம்மாவும் அந்தக் குரூப்பில் சேர்ந்தாயிற்று. "அன்னைக்கு நான் சிரிச்சது தப்பு, வேற என்னல்லாம் போடறாங்க?" என்று கேளுங்கள். போனைப் பிடுங்க மாட்டேன் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பயத்தில்தான் பல பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. அப்புறம், "பல்லுக்குக் கம்பி போட்டுடலாம்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். கேலி செய்தவர்கள் பேச்சு சரி என்று நீங்களே கையெழுத்துப் போட்டதாகிவிடும்.

எதையும் அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, வகுப்பு ஆசிரியரை நேரில் பாருங்கள். பெற்றோர் குரூப்பில் சண்டைக்குப் போகாதீர்கள், மறுநாள் அடி அவளுக்குத்தான் விழும். பள்ளி அசையாவிட்டால் கல்வித்துறை உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கின்றன. படத்தை யாராவது ஆபாசமாக மாற்றினால் பள்ளிக்காகக் காத்திருக்க வேண்டாம், நேரே சைபர் கிரைம் போலீஸ்தான்.

இந்தப் பதிலை உங்கள் கணவருக்கும் படிக்கக் கொடுங்கள். கணக்கு மார்க்கைப் பற்றி அரையாண்டுக்குப் பிறகு எழுதுங்கள்.