பதில்: முட்டிவலி உள்ள அம்மாவோடு ஓர்வியேத்தோவில் ஒருநாள்

இத்தாலியில் மலைமேல் இருக்கும் ஓர்வியேத்தோவுக்கு ரோமிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பலாமா, அம்மாவின் முட்டி தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம், ஏற்றங்களைத் தவிர்த்தால் போதும்.

ரயில் நிலையம் மலையடியில். எதிரிலேயே கேபிளில் இழுபடும் மலை ரயில், மேலே பியாட்சா காஹென் சதுக்கம் வரை ஏற்றிவிடும். அங்கிருந்து பேராலயத்துக்கு நடக்காதீர்கள், சிற்றுந்து பிடியுங்கள். கோர்சோ காவூர் தெரு போகும்போது ஏற்றம், திரும்பும்போது இறக்கம். நடையைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

பேராலயத்தின் முகப்பு தென்மேற்குப் பார்த்தது. பிற்பகல் வெயிலில்தான் மொசைக்கின் தங்கம் மின்னும், அதனால் காலையில் சான் ஜொவெனாலே தேவாலயத்தின் பக்கத்துப் பழைய சந்துகளைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டதும் வாருங்கள். உள்ளே சான் பிரிட்சியோ சிற்றாலயத்தில் ஓவியர் சிஞொரெல்லியின் சுவரோவியங்களுக்கு அரைமணி நேரமாவது கொடுங்கள். தோளும் முட்டியும் மூடிய உடை அவசியம்.

வியா தெல்லா காவா தெருவின் சரிவில் அம்மாவை இறக்க வேண்டாம், அதே செங்குத்தில் ஏறி வரணும். சான் பாத்ரிட்சியோ கிணறும் அவருக்கு ஆகாது: 248 படி இறங்கி, வேறொரு சுழல்படியில் மீண்டும் 248 ஏறணும், லிஃப்ட் கிடையாது. அது காஹென் பக்கத்திலேயே இருப்பதால் கடைசியில் நீங்கள் மட்டும் இறங்குங்கள். அம்மா அருகிலுள்ள கோட்டைப் பூங்காவில் உட்காரலாம்.

பிராந்திய ரயிலுக்கான காகிதப் பயணச்சீட்டு என்றால், ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். மறந்தால் அபராதம்.