அங்ககச் (ஆர்கானிக்) சான்று: கேள்விகளும் பதில்களும்

மரச்செக்கு எண்ணெய் என்றாலே ஆர்கானிக்தானே?

இல்லை. செக்கு என்பது எண்ணெயை எடுக்கும் முறை. எள் எப்படி விளைந்தது என்பதை அது சொல்லாது.

பொட்டலத்தில் அங்கக உணவுக்கான ‘ஜைவிக் பாரத்’ சின்னம் இருந்தால் போதுமா?

போதாது. சின்னத்தை எந்த அச்சகமும் அச்சிடும். சான்றளித்த அமைப்பின் பெயரையும் சான்று எண்ணையும் பாருங்கள்.

மூன்று ஏக்கரில் நெல்லும் கொஞ்சம் தென்னையும் இருக்கின்றன. சான்று பெற எத்தனை ஆண்டுகள் ஆகும்?

2001இல் தொடங்கிய தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தில், நெல் போன்ற ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும், தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு அறுவடைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் மாற்றக்காலமாக, அதாவது நிலம் அங்கக முறைக்கு மாறும் காலமாகக் கணக்கிடப்படும். இத்திட்டத்தை நடத்துவது மத்திய வணிக அமைச்சகத்தின் கீழுள்ள அபீடா என்ற வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பு. தமிழ்நாட்டில் அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையை அணுகலாம். விளைச்சலை உள்நாட்டில் மட்டும் விற்பதாக இருந்தால், உழவர்களே ஒருவர் நிலத்தை ஒருவர் ஆய்வு செய்யும் பங்கேற்பு உத்தரவாதத் திட்டம் செலவு குறைந்த வழி. எந்த வழியில் சென்றாலும், இடுபொருள் வாங்கிய ரசீதைச் சேர்த்து வைக்கவும் பண்ணைக் குறிப்பேட்டை எழுதவும் இன்றே தொடங்குங்கள், ஏனெனில் ஆய்வாளர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

பக்கத்து வயல்காரரே சான்று கொடுப்பதா? இது ஊரை ஏமாற்றும் வேலை அல்லவா?

பங்கேற்பு முறையில் குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் ஆய்வு செய்கிறார்கள். வெளி ஆய்வாளர் எப்போதோ ஒருநாள் வந்து போகிறார். பக்கத்து வயல்காரரோ தினமும் அதே வரப்பில் நடக்கிறார். இரவில் யூரியா மூட்டை இறங்கினால் முதலில் தெரிவது யாருக்கு?

ஐந்து பேரும் பங்காளிகளாக இருந்தால்?

நியாயமான கேள்வி. அங்கே அந்த முறை பலவீனப்படுவதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டணம் கொடுப்பவரிடமே ஆய்வுக்கு வரும் தனியார் நிறுவனத்திற்கும் அதே சங்கடம் உண்டு. பங்காளிகளாவது ஒருவரோடொருவர் சண்டையிட்டுக்கொள்வார்கள்!

சின்னம் இருந்தால் நம்பலாமா?

இரண்டாம் கேள்விக்கான பதிலைப் படியுங்கள். எண், எண், எண்.

சான்று இல்லாமல் ‘ஆர்கானிக்’ என்று சந்தையில் விற்றால் குற்றமா?

அங்கக உணவுக்கான 2017ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மிகாமல், நுகர்வோரிடம் நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஆனால் சின்னத்தை அவர் பயன்படுத்தக் கூடாது.

ஆர்கானிக் அரிசி சாப்பிட்டால் சர்க்கரை குறையுமா?

மருத்துவரைக் கேளுங்கள். சான்று பேசுவது வயலைப் பற்றி.

பங்காளிகள் சண்டையே போடாவிட்டால்?

அந்தக் குழுவின் அரிசியை நான் வாங்க மாட்டேன்.