சிறிய அறையில் சப்வூஃபரையும் ஒலிபெருக்கிகளையும் எங்கே வைப்பது?

தாழ்ந்த சுரங்களுக்கென்றே உள்ள பெட்டியான சப்வூஃபரை மூலையில் வைத்திருப்பதாகவும், சில பாடல்களில் பேஸ், அதாவது அந்தத் தாழ்ந்த சுரங்களின் ஒலி, வீட்டையே அதிர வைப்பதாகவும், வேறு சிலவற்றில் அது இருக்கிறதா என்றே தெரியவில்லை என்றும், இதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்குவதற்கு முன் நாற்காலியை நகர்த்திப் பாருங்கள் என்பதே என் பதில்.

என் அறையின் நீளம் 4.2 மீட்டர். முதலில் நாற்காலியை அதன் சரிநடுவில் போட்டிருந்தேன். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பியை மீட்டும்போது எழும் சுரம் மட்டும் காணாமல் போகும். எழுந்து பின்சுவரை ஒட்டி நின்றால் அதே சுரம் நெஞ்சில் வந்து இடிக்கும். ஆம்ப்ளிஃபயரில்தான் கோளாறு என்று பல வாரங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை, அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ் வருகிறது. அந்தக் கம்பியின் அதிர்வெண்ணும் அதுவே. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி போய்த் திரும்பி, ஒன்றன்மேல் ஒன்று படிந்து உருவாகும் நிலை அலையில் சுவரோரங்களில் அழுத்தம் உச்சத்திலும் நடுவில் ஏறக்குறைய சுழியாகவும் இருக்கும். நான் அந்தச் சுழியில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சுரம் இப்படி மங்கிப்போகும் பள்ளத்தை, அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் நிரப்ப முயல்வது வீண். 6 டெசிபெல் கூட்டுவதற்கே ஆம்ப்ளிஃபயர் நான்கு மடங்கு ஆற்றல் தர வேண்டும். கூட்டிய ஒலியோடு, அதை அழிக்கும் எதிரொலிப்பும் சேர்ந்தே கூடுவதால் பள்ளம் அப்படியேதான் இருக்கும். மேடுகளைக் குறைப்பதற்கு மட்டும் ஈக்வலைசர் நன்றாகவே பயன்படும். நாற்காலியைப் பின்னோக்கி அரை மீட்டர் தள்ளி, பின்சுவரிலிருந்து 1.6 மீட்டர் தூரத்தில், அதாவது நீளத்தில் ஏறத்தாழ 38 விழுக்காட்டில் போட்டதும் அந்தச் சுரம் திரும்பி வந்துவிட்டது.

உட்காரும் இடம் முடிவான பிறகே சப்வூஃபரின் இடத்தைத் தேட வேண்டும். சப்வூஃபரைத் தூக்கி அந்த நாற்காலியின் மேலேயே வைத்து, பேஸ் கிட்டார் படிப்படியாக ஏறி இறங்கும் இசைத்துண்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து செல்லுங்கள். காது தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு மேல் போகக் கூடாது. எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் கேட்கும் இடத்தில் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டிவையுங்கள். ஒலி மூலமும் காதும் இடம் மாறினாலும் இடையிலுள்ள அறையின் விளைவு மாறாது என்பதால், சப்வூஃபரைச் சீட்டு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால் நாற்காலியிலும் அதே சமநிலை கிடைக்கும். வீட்டார் பார்த்துச் சிரிப்பார்கள். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூலையில் வைத்த சப்வூஃபர், அறையின் எல்லா நிலை அலைகளையும் கிளப்பிவிடும். ஒலி உரக்க வருமே தவிரச் சீராக வராது. உங்கள் வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான். பணம் செலவழித்தே தீருவதென்றால், பெரிய சப்வூஃபர் ஒன்றைவிடச் சிறியவை இரண்டை வாங்குவேன். எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகளில் ஒன்றுக்கு எதிரே மற்றொன்றாக வைத்தால், அந்தத் திசையிலான முதல் நிலை அலையை அவை எதிரெதிராகத் தூண்டி அடக்கிவிடும்.

முதன்மை ஒலிபெருக்கிகள் இரண்டும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். உயர்ந்த சுரங்களை ஒலிக்கும் சிறிய கூம்பான ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும். ஒலிபெருக்கிகளுக்கும் அவற்றின் பின்னாலுள்ள சுவருக்கும் இடையிலான தூரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். அவற்றின் பெரிய கூம்பான வூஃபர் அந்தச் சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 143 ஹெர்ட்ஸ் அருகே நேரொலியை அழிக்கும். ஆண் குரலின் கனம் அங்கேதான் போகும். ஆகவே சுவரை நன்கு ஒட்டி வையுங்கள், அல்லது 1.1 மீட்டருக்கு அப்பால் கொண்டுவாருங்கள். பின்னதில் அந்தப் பள்ளம் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிடும். ஒலியைச் சப்வூஃபருக்கும் முதன்மை ஒலிபெருக்கிகளுக்கும் பிரித்துக்கொடுக்கும் எல்லையான கிராஸ்ஓவரை 80இல் வைத்தால் அந்தப் பகுதி சப்வூஃபரின் பொறுப்பு.

கடைசியாக, சப்வூஃபரின் பின்புறமுள்ள, அதன் ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை ஒருவர் 0, 180 பாகை என மாற்றிக்கொண்டிருக்க, நீங்கள் நாற்காலியில் அமர்ந்து 80 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேளுங்கள். எந்த நிலையில் அது உரக்கக் கேட்கிறதோ, அதிலேயே சுவிட்சை விட்டுவிடுங்கள்.