விரல் வலிக்கு விரல்தான் காரணமா? கிட்டார் பழகத் தொடங்கிய வாசகிக்கு விளக்கம்

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “எனக்கு வயது 38. கர்நாடக இசையில் வர்ணம் வரை பயின்றிருக்கிறேன். ஐந்தரைக் கட்டையில் பாடுவேன். மூன்று மாதங்களுக்கு முன் ஸ்டீல் கம்பிகள் கொண்ட அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்றை வாங்கி, காணொளிகளைப் பார்த்துப் பழகி வருகிறேன். பத்து நிமிடத்தில் விரல் நுனிகள் எரியத் தொடங்குகின்றன. எஃப் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகளில் ஒன்று) ஒரு நாளும் சரியாக ஒலித்ததில்லை. ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு மாறுவதற்குள் பாட்டு நின்றுவிடுகிறது. என் விரல்கள் குட்டையானவை. நைலான் கம்பி போட்டுக்கொள்ளலாமா, அல்லது இந்த வயதில் இது வராது என்று விட்டுவிடலாமா?”

விட வேண்டாம். உங்கள் கடிதத்தில் வயதைப் பற்றியும் விரல் நீளத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். கிட்டாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. புதிதாகக் கற்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் குறையைத் தம் கையில் தேடுகிறார்கள். நான் முதலில் கையைப் பார்ப்பதில்லை, கருவியைத்தான் பார்க்கிறேன். கடையிலிருந்து வந்த நிலையிலேயே வாசிக்கப்படும் கிட்டார்களில், அதிலும் விலை குறைந்தவற்றில், கம்பிகள் தேவைக்கு மேல் உயரமாக இருப்பது மிகச் சாதாரணம். அத்தகைய கருவியில் பத்து ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் விரல் வலிக்கும்.

ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். கேப்போ எனப்படும் கவ்வியை முதல் ஃப்ரெட்டில், அதாவது வீணையில் நாம் மெட்டு என்று சொல்வதற்கு இணையான அந்த உலோகக் கம்பிக்குச் சற்றுப் பின்னால், மாட்டுங்கள். பிறகு நீங்கள் வழக்கமாக வாசிக்கும் சி, ஜி, டி கார்டுகளை அதே வடிவங்களில் பிடித்துப் பாருங்கள். அழுத்துவது திடீரென்று எளிதாகிவிட்டால், கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கி நிற்கும் நட் என்ற வெள்ளைப் பட்டையின் வெட்டுகள் போதுமான ஆழத்தில் இல்லை என்று பொருள். கேப்போ மாட்டியதும் கம்பியின் உயரத்தை நட்டுக்குப் பதிலாக ஃப்ரெட் தீர்மானிக்கிறது. அதனால்தான் அந்த வேறுபாடு. இன்னொரு வழியும் உண்டு. கேப்போவைக் கழற்றிவிட்டு, ஒரு கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு போதும். அதைவிடப் பெரிதாக, பார்த்த உடனே தெரியும்படி இருந்தால், எஃப் கார்டு உங்களுக்கு ஒலிக்காததன் முதற்காரணம் அதுவே.

அடுத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேற்பரப்பிலிருந்து கம்பியின் அடிப்பாகம் வரை ஓர் அளவுகோலால் அளந்து பாருங்கள். தடித்த ஆறாம் கம்பியில் ஏறத்தாழ 2.5 மி.மீ., மெல்லிய முதல் கம்பியில் ஏறத்தாழ 2 மி.மீ. இருந்தால் ஒரு தொடக்கநிலை மாணவருக்கு அது நல்ல அளவு. 3 மி.மீ.க்கு மேல் போயிருந்தால் கிட்டாரைப் பழுதுபார்ப்பவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் கழுத்தின் வளைவைப் பார்ப்பார். அதைச் சரிசெய்யக் கழுத்துக்குள்ளே ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது. அதன் பிறகே, உடலில் கம்பிகள் பூட்டப்படும் பிரிட்ஜின் மேல் உள்ள சேடில் என்ற எலும்பு நிறப் பட்டையின் அடிப்பக்கத்தைத் தேய்ப்பார். பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பி நீளத்தின் சரிபாதியில் இருப்பதால், அங்கே 1 மி.மீ. இறங்க வேண்டுமென்றால் சேடிலில் 2 மி.மீ. குறைக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் நீங்களே தேய்க்க இறங்காதீர்கள். அதிகமாகத் தேய்ந்த சேடிலுக்கும் ஆழமாக வெட்டப்பட்ட நட்டுக்கும் பெரும்பாலும் மாற்றுத்தான் போட வேண்டியிருக்கும்.

நைலான் கம்பியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கிட்டாரில் அது வேண்டாம். ஸ்டீல் கம்பிக்கென்று கட்டப்பட்ட உடலின் மேற்பலகை கனமான இழுவிசையை எதிர்பார்த்து உள்ளே முட்டுக்கட்டைகள் இடப்பட்டது. நைலானின் குறைந்த இழுவிசைக்கு அது அசையாது, ஒலி மந்தமாகிவிடும். இதற்கு எதிரானது இன்னும் ஆபத்தானது: நைலானுக்கென்று செய்யப்பட்ட கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்டீல் கம்பி பூட்டினால், பிரிட்ஜ் பெயர்ந்துவிடக்கூடும். உங்களுக்கு வேண்டியது மெல்லிய ஸ்டீல் கம்பி. பல கிட்டார்கள் கடையில் ‘லைட்’ எனப்படும் 12 அளவுக் கம்பிகளோடு வருகின்றன. முதல் கம்பியின் தடிமன் 0.012 அங்குலம் என்பதே அந்த எண்ணின் பொருள். அந்த ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு பிரிட்ஜை இழுக்கின்றன. ‘எக்ஸ்ட்ரா லைட்’ எனப்படும் 10 அளவில் அது சுமார் 60 கிலோவாகக் குறைகிறது. விரல் அந்த வேறுபாட்டை முதல் நாளே உணரும். ஒலியின் கனம் சிறிது குறையும்தான், ஆனால் முதல் ஓராண்டுக்கு அது பொருட்டல்ல.

கருவி சரியானபின் விரலுக்கு வருவோம். ஃப்ரெட்டின் மேலேயும் அல்ல, இரண்டு ஃப்ரெட்டுகளின் நடுவிலும் அல்ல, ஒலி எழவேண்டிய ஃப்ரெட்டை ஒட்டி அதற்குச் சற்றுப் பின்னால் விரலை வையுங்கள். விலக விலக அழுத்தம் கூடுதலாகத் தேவைப்படும், கம்பியும் இரையும். விரலின் கடைசிக் கணு மடிந்து நுனி ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். இடக்கை நகங்கள் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். பிறகு இதைச் செய்து பாருங்கள்: கம்பியை அழுத்தாமல் தொட்டுக்கொண்டு வலக்கையால் மீட்டுங்கள், ‘தொப்’ என்ற செத்த ஒலி வரும். மீட்டிக்கொண்டே சிறிது சிறிதாக அழுத்தம் கூட்டுங்கள். ஒலி தெளியும் அந்த நொடியில் நிறுத்துங்கள். அவ்வளவுதான் தேவை. இதுவரை இதைப் போல் இரண்டு மூன்று மடங்கு அழுத்தி வந்திருக்கிறோம் என்று பெரும்பாலோர் அப்போதுதான் உணர்கிறார்கள்.

விரல் நுனியில் தோல் தடித்துக் காய்ப்பதற்கு மூன்று நான்கு வாரம் ஒழுங்கான பழக்கம் வேண்டும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிப்பதைவிட, காலையில் பதினைந்து நிமிடமும் மாலையில் பதினைந்து நிமிடமும் வாசிப்பது நல்லது. பாத்திரம் கழுவியதும் குளித்ததும் தோல் ஊறி இருக்கும். அப்போது கிட்டாரை எடுக்காதீர்கள், உரிந்துவிடும். நுனியில் எரிச்சல் இயல்பு. மணிக்கட்டிலோ கட்டைவிரலின் அடிமூட்டிலோ வலி வந்தாலும், விரல் மரத்துப்போனாலும் அது இயல்பல்ல. அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

இனி உங்களுக்கு மட்டும் கிடைத்திருக்கும் ஒரு வசதி. நீங்கள் ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவர். ஐந்து கட்டை என்பது ஜி. ஐந்தரை என்பது அதற்கு அரைச்சுரம் மேல். ஆகவே கேப்போவை முதல் ஃப்ரெட்டில் மாட்டி ஜி கார்டின் வடிவத்தைப் பிடித்தால், அதுவே உங்கள் சட்ஜம். சோதனைக்காக மாட்டச் சொன்ன அதே இடம். இனி அதை அங்கேயே விட்டுவிடலாம். விரலுக்கும் எளிது, குரலுக்கும் பொருத்தம். (நட்டைச் சரிசெய்யும் வேலையை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.) சங்கராபரண ராகத்தின் சுரங்களில் அமைந்த பாடல்களுக்கு ஜி, சி, டி ஆகிய மூன்று கார்டுகளே பெரும்பகுதியைத் தாங்கிவிடும். அவை முறையே சட்ஜத்தின் மேலும், சுத்த மத்தியமத்தின் மேலும், பஞ்சமத்தின் மேலும் எழுபவை. ஈ மைனரையும் ஏ மைனரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் விரியும். நடபைரவியின் சுரங்களில் அமைந்த பாடல்களுக்கு, கேப்போவை நான்காவது ஃப்ரெட்டுக்கு ஏற்றி ஈ மைனர் வடிவத்தைச் சட்ஜமாகக் கொள்ளுங்கள். சுருதி அதே ஐந்தரைதான்.

இந்தப் பட்டியலில் எஃப் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஜி-யைச் சட்ஜமாகக் கொண்டு ஹரிகாம்போஜி வழிப் பாடல்களுக்குப் போகும்போதுதான், கைசிக நிஷாதத்தின் மேல் எழும் கார்டாக எஃப் வரும். அதுவரை அதோடு மல்லுக்கட்டித் தினமும் மனம் சோர்வதில் பயனில்லை. ஆறு கம்பிகளையும் ஒரே சுட்டுவிரலால் அணைத்துப் பிடிக்கும் அந்த வடிவம், நட்டுக்கு மிக அருகே, கம்பி மிக விறைப்பாக இருக்கும் இடத்தில் அமைந்திருப்பதால் கடினமாகிறது. பழக விரும்பினால் அதே வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடியுங்கள். அங்கே அது ஏ கார்டு. சுட்டுவிரலின் தட்டையான அடிப்பக்கத்தை விடுத்து, எலும்பு தென்படும் பக்கவாட்டைக் கம்பிகளின் மேல் சாயுங்கள். முழங்கையை உடலோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே தெளிவாக ஒலித்தபின் வாரத்துக்கு ஒரு ஃப்ரெட் வீதம் கீழே இறங்கி வாருங்கள். இந்த வடிவம் ஐந்தாவது ஃப்ரெட்டில் ஒலித்துவிட்டால், உங்கள் விரல்கள் குட்டை என்ற ஐயமும் அங்கேயே தீர்ந்துவிடும்.

சுருதி கூட்டுவதில் உங்கள் பயிற்சியே ஒரு சிக்கலைக் கொண்டுவரும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கேப்போவைக் கழற்றிவிட்டு, ஆறாம் கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று, சுருதி காட்டும் கருவியான டியூனர் காட்டும்படி கூட்டியபின் ஜி கார்டை மீட்டினால், இரண்டாம் கம்பியான பி, அதாவது அந்தர காந்தாரம், சற்று ஏறியிருப்பதாக உங்கள் காது சொல்லும். காது சொல்வது சரி. தம்புராவில் தானாகக் கேட்கும் காந்தாரத்தைவிட, ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக்கிய கிட்டாரின் காந்தாரம் ஏறத்தாழ 14 சென்ட், அதாவது ஓர் அரைச்சுரத்தின் ஏழில் ஒரு பங்கு, மேலே இருக்கிறது. ஆனாலும் அந்தக் கம்பியை இறக்காதீர்கள். ஈ மைனருக்கு மாறும்போது அதே கம்பி பஞ்சமமாக நிற்கும். பஞ்சமம் அவ்வளவு இறங்கினால் பொறுக்க முடியாது. எல்லாக் கார்டுகளுக்கும் பொதுவாக ஒத்துப்போக, ஒவ்வொன்றும் சிறிது விட்டுக்கொடுத்திருக்கிறது. பாடும்போது உங்கள் காந்தாரத்தை நீங்கள் வழக்கம்போல் பிடியுங்கள். கிட்டாரை டியூனரிடம் விட்டுவிடுங்கள்.

கார்டு மாறும்போது பாட்டு நிற்பதுதான் உங்கள் கடிதத்தில் உண்மையிலேயே பயிற்சியால் தீர வேண்டிய ஒரே குறை. நீங்கள் ஒவ்வொரு கார்டாகப் பழகியிருக்கிறீர்கள். பழக வேண்டியது இரு கார்டுகளுக்கு இடைப்பட்ட பயணத்தை. ஜி கார்டை மோதிரவிரல் ஆறாம் கம்பியிலும், நடுவிரல் ஐந்தாம் கம்பியிலும், சுண்டுவிரல் முதல் கம்பியிலுமாகப் பிடியுங்கள். சி-க்கு மாறும்போது மோதிரவிரலும் நடுவிரலும் தம் வடிவம் கலையாமல் ஒரு கம்பி கீழே நகர்ந்தால் போதும். சுட்டுவிரல் இரண்டாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டில் வந்து அமரும். சி-யிலிருந்து ஏ மைனருக்கு இன்னும் சுருக்கம்: சுட்டுவிரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்க, மோதிரவிரல் மட்டும் ஐந்தாம் கம்பியை விட்டு மூன்றாம் கம்பிக்குத் தாவுகிறது. எந்த விரல் எழ வேண்டும், எது இருந்த இடத்திலேயே தங்கலாம் என்பதை ஒவ்வொரு மாற்றத்திலும் முதலில் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நிமிடக் கடிகாரம் வைத்து, இரண்டே கார்டுகளுக்கு நடுவில் எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணித் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். நிமிடத்துக்கு முப்பது முறையைத் தொட்டதும் அந்த இணையைப் பாட்டில் பயன்படுத்தலாம்.

அதற்கு முன்பே வலக்கைக்கு ஒரு விதி உண்டு. இடக்கை தயாராக இல்லாவிட்டாலும் வலக்கை நிற்கக் கூடாது. தாளம் போடும் கையாகவே அதை நினையுங்கள். சாகித்தியம் மறந்தாலும் தாளம் விடக் கூடாது என்று உங்கள் ஆசிரியர் கண்டித்திருப்பார். சீராகத் தட்டு ஒலிக்கும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 என்று வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் கீழ்நோக்கி ஒரு வீச்சு மட்டும் போடுங்கள். மாறும் நேரத்தில் விரல் போய்ச் சேரவில்லையா, திறந்த கம்பிகளையே அடித்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போங்கள். காதுக்கு அது சிறிது குழப்பமாக இருக்கும், இரண்டு வாரத்தில் தானாகக் குறையும். நின்று, விரலைச் சரிபார்த்து, மறுபடி தொடங்கும் பழக்கம் ஊறிவிட்டால் அதை விடுவதற்கு மாதங்கள் ஆகும். நம் திரைப்பாடல்களில் பல, மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் ஓடுபவை. அவற்றுக்கு ஆறு எண்ணிக்கையில் முதலாவதையும் நான்காவதையும் அழுத்தி அடித்தால் நடை தெளிவாகும்.

வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடையுங்கள். வியர்வையில் கம்பி துருவேறிச் சொரசொரத்தால் அதுவும் விரலைக் கடிக்கும். தினமும் வாசிப்பவர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பி மாற்றுவது நல்லது. மதுரை வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை ஒருபோதும் விட்டுவைக்காதீர்கள். சூட்டில் பசை இளகிப் பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும்.

பாடிக்கொண்டே வாசிப்பதற்கு எஃப் வரும்வரையோ, மாற்றங்கள் சீராகும்வரையோ காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமான ஒரு சிறு பாடலை எடுத்துக்கொண்டு, ஜி கார்டை மட்டும் தம்புரா போலத் தட்டுக்கு ஒருமுறை மீட்டியபடி முழுவதும் பாடுங்கள். அது தடையின்றி வந்தபின், பல்லவியில் பஞ்சமத்தில் நின்று முடியும் ஓர் இடத்தைத் தேடி, அங்கே மட்டும் டி-க்குப் போய்த் திரும்புங்கள். முதல் வாரத்துக்கு அந்த ஓர் இடமே போதும்.