சிகாகோவுக்கு வரும் சபைப் பாடகர் தம்பிக்கு

பாளையங்கோட்டையில் சபைப் பாடகர் குழுவில் (குயரில்) பாடியவன், சிகாகோவுக்கு வேலைக்கு வருகிறேன், கறுப்பினச் சபைகளின் காஸ்பல் பாட்டை நேரில் கேட்கலாமா, ஊரின் தெற்குப் பக்கம் போவது பத்திரமா, வாடகை எவ்வளவு, ஜாக்கெட் எங்கே வாங்குவது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள் தம்பி. வாடகையும் ஜாக்கெட்டும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாட்டுக்கு வருகிறேன்.

தெற்குப் பக்கம் போகாதே என்று நம்மவர்கள் கட்டாயம் சொல்வார்கள். இருபது வருஷம் இங்கே இருந்தும் அந்தப் பக்கம் காலே வைக்காதவர்கள்தான் அதிகம் பயமுறுத்துகிறார்கள். எந்த ஊரிலும் போல நேரம் காலம் பார்த்துப் போங்கள், ஆனால் போங்கள். காஸ்பல் வளர்ந்த இடமே அதுதான். ஜார்ஜியாவிலிருந்து வந்து ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் சோகப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்த தாமஸ் டார்சி, 1932இல் பிரசவத்தில் மனைவியையும் தொடர்ந்து குழந்தையையும் பறிகொடுத்த துக்கத்தில்தான் 'ப்ரெஷஸ் லார்ட்' என்ற காஸ்பல் பாட்டை எழுதினார். காஸ்பல் பாடகி மஹாலியா ஜாக்சன் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்தவர். ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்ற பாட்டுக் குடும்பத்தின் அப்பா மிசிசிப்பிக்காரர். எல்லோரும் நம்மைப்போலப் பிழைக்க வந்தவர்கள்.

நான் வந்த முதல் குளிர்காலத்தில் பேச ஆள் இல்லை. கூட வேலை பார்த்த ஒரு அக்கா தங்கள் சபைக்குக் கூட்டிப்போனார். ஆராதனை முடிய மதியம் தாண்டிவிட்டது, எழுந்துவர மனசே வரவில்லை. நாலு அடித் தாளத்தில் இரண்டாவது, நாலாவது அடியில் கை தட்டப் பழகிக்கொண்டேன். இன்றைக்கு அங்கே யாரும் என்னை விருந்தாளியாகப் பார்ப்பதில்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

ஒரு எச்சரிக்கை. போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். பாட்டு முடிந்ததும் பிரசங்கத்துக்கு முன்னால் நழுவாதீர்கள். அது கச்சேரி இல்லை. நல்ல சட்டை போட்டுப் போங்கள், காணிக்கை போடுங்கள்.

அப்புறம், பில்போர்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகையின் ஹிட் பாட்டுப் பட்டியலில் ஏறியதெல்லாம் உலகப் பாட்டு, ஆவிக்குரியது இல்லை என்று நம் சபைகளில் சிலர் சொல்வது எனக்கு ஆகாது. இங்கேயும் அந்தச் சண்டை பழசு. காஸ்பல் பாடகர் சாம் குக் அதை விட்டு 1957இல் 'யூ செண்ட் மீ' என்ற காதல் பாட்டைப் பாடி முதலிடம் பிடித்தபோது சபைக்காரர்கள் மனம் நொந்தார்கள். ஆனால் 'ஓ ஹேப்பி டே' என்ற காஸ்பல் பாட்டைப் பாருங்கள். கலிபோர்னியாவில் எட்வின் ஹாக்கின்ஸின் இளைஞர் குயர் தாங்களே விற்க 500 இசைத்தட்டுகள் மட்டும் போட்டது. ரேடியோக்காரர்கள் கையில் அது கிடைத்து, 1969இல் அமெரிக்காவில் நாலாவது இடம், பிரிட்டனில் இரண்டாவது. பதினெட்டாம் நூற்றாண்டு ஞானப்பாட்டு அது! 1972இல் பாடகி அரீத்தா ஃப்ராங்க்ளின் லாஸ் ஏஞ்சலஸ் சபை ஒன்றில் இரண்டு இரவு பாடிப் பதிவு செய்த 'அமேசிங் கிரேஸ்' ஆல்பம் இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. சபைக்குள் வராத எத்தனை பேர் காதில் அந்த வார்த்தை விழுந்திருக்கும்!

குயரில் சேர ஆசையிருந்தால் பாஸ்டரிடம் நேராகக் கேளுங்கள். நோட்டேஷன் (இசைக்குறிப்பு) தாளை எதிர்பார்க்க வேண்டாம், பெரும்பாலும் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். டெனர் (ஆண்களில் உயர்ந்த குரல்) என்றால் உடனே சேர்த்துக்கொள்வார்கள், அந்தக் குரலுக்கு எப்போதும் ஆள் பஞ்சம்.