மண்ணும் இலையும் படத்தில் தங்க

கேள்வி: மூன்று ஆண்டுகளாக அக்ரிலிக் வண்ணத்தோடு மண், மணல், இலை, மரப்பட்டை, செய்தித்தாள் எல்லாம் சேர்த்து கேன்வாஸில் நிலக்காட்சிகள் செய்கிறேன். சில மாதங்களில் இலை பழுப்பாகிறது, மணல் உதிர்கிறது. பார்ப்பவர்களும் ‘அழகான கைவேலை’ என்கிறார்களே தவிர, ஓவியம் என்பதில்லை. வண்ணத்தோடு மட்டும் நின்றுவிடலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. மூன்று ஆண்டுகள் மண்ணைத் தொட்டுப் பழகிய கை உங்களுடையது. அதை விட்டுவிடாதீர்கள்.

இலையின் பச்சையம் வெளிச்சத்தில் சிதைந்தே தீரும். வார்னிஷ் பூசினாலும் நிற்காது. பச்சைக்கு வண்ணத்தை நம்புங்கள். இலையிடம் நரம்புகளை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இலையின் பின்புறத்தில் வண்ணம் தடவி, அமிலமற்ற மெல்லிய காகிதத்தில் ஒற்றியெடுத்து, அந்தக் காகிதத்தை ஒட்டலாம். செய்தித்தாள் மஞ்சளித்து நொறுங்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மண் அப்படியல்ல. செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு தருவது, வெளிச்சத்தில் வெளிறாது. பிரான்ஸின் லாஸ்கோ குகை ஓவியங்களில் ஏறத்தாழ 17,000 ஆண்டுகளாக நிற்கும் சிவப்பும் அதுதான். மண்ணைத் தண்ணீரில் கரைத்துச் சற்றுப் பொறுங்கள். மணல் அடியில் தங்கியதும், மேலே கலங்கி நிற்கும் நீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றித் தெளியவிடுங்கள். அடியில் படியும் வண்டலை உலர்த்தி, அரைத்து, அக்ரிலிக் மீடியத்தில் (நிறமி சேராத அக்ரிலிக் பசை) குழைத்தால் உங்கள் கையால் செய்த வண்ணம் தயார். இந்த வேலையில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. நடந்து வந்த நிலமே தூரிகையில் ஏறிவிடுகிறது.

மணலை ஈர வண்ணத்தின் மேல் தூவுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது அடியிலுள்ள மணிகள் மட்டுமே ஒட்டும். முதலிலேயே மீடியத்தில் கலந்து பூசுங்கள். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் பிராக் 1912-லேயே வண்ணத்தில் மணல் கலந்தார். கடல் மணலானால் நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். உப்பு ஈரத்தை இழுக்கும். கேன்வாஸ் நெகிழும்போது தடித்த பூச்சு வெடிக்கும் என்பதால், கனமான படங்களுக்கு மரப்பலகை நல்லது.

‘கைவேலை’ என்ற சொல் உங்களைக் காயப்படுத்தியிருப்பது கடிதத்தில் தெரிகிறது. நம் திணை மரபில் நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்நிலத்து மரமும் பறவையும் கருப்பொருள், அங்கே நிகழும் மனநிலை உரிப்பொருள். உங்கள் படங்கள் கருப்பொருளோடு நின்றுவிடுகின்றனவோ என்று எனக்குத் தோன்றுகிறது. மரம் வரைய மரப்பட்டையையே ஒட்டினால், பார்ப்பவர் ‘பட்டை’ என்று அடையாளம் கண்டதும் நகர்ந்துவிடுவார். ஜெர்மன் ஓவியர் அன்செல்ம் கீஃபர் 1981-ல் செய்த ‘மார்கரெட்டே’ ஓவியத்தில் வைக்கோல் ஒரு பெண்ணின் பொன்னிறக் கூந்தலாகிறது. அடுத்த படத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்து, அது இயல்பாக இருக்கும் இடத்தில் வைக்காமல் வேறெங்காவது வைத்துப் பாருங்கள். சாம்பல் மழைக்கு முந்தைய வானமாகலாம், பட்டை வறண்ட ஆற்றுப்படுகையாகலாம். அந்த இடத்தில் நின்றபோது உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை முடிவு செய்துகொண்டு அப்புறம் பொருளைத் தேடுங்கள்.

பழைய படங்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தளர்ந்த மணலை மென்தூரிகையால் நீக்கி, நீர்த்த மீடியத்தைச் சொட்டுச்சொட்டாக ஊறவிடுங்கள். பழுப்பான இலைமேல் பச்சை பூச மட்டும் வேண்டாம்; அதைச் சுற்றியுள்ள வண்ணங்களை அந்தப் பழுப்புக்கு ஏற்ப மாற்றிப் பாருங்கள்.